வீட்டு லேத்தும் பெல்ட் புல்லியும்: வாங்கிப் போர் போடுவதா, உருளையிலிருந்து கடைவதா, வார்ப்பு எடுப்பதா?

மோட்டார் இருக்கிறது, ஓட்ட வேண்டிய மெஷின் இருக்கிறது, நடுவில் இரண்டு புல்லி வேண்டும். கடையில் வார்ப்பிரும்புப் புல்லி அளவு வாரியாக அடுக்கி வைத்திருக்கிறார்கள், ஆனால் போர், அதாவது நடு ஓட்டை, நம் ஷாஃப்ட்டுக்குப் பொருந்தாது. அலுமினிய உருளை வாங்கிக் கடைந்துவிடலாம் என்கிறார் ஒருவர். ஃபவுண்டரியில் வார்த்து வாங்கு என்கிறார் இன்னொருவர். மரத்திலேயே போதும் என்பவர்களும் உண்டு. சின்ன லேத் (கடைசல் இயந்திரம்) வைத்திருப்பவர்கள் இந்த இடத்தில்தான் வாரக்கணக்கில் நின்றுவிடுகிறார்கள், ஏனென்றால் நான்குமே ஏதோ ஒரு நிலையில் சரியான பதில்தான்.

பேச்சு காற்றில் போகாமலிருக்க ஒரு கணக்கை எடுத்துக்கொள்வோம். ஒரு ஹெச்.பி., 1440 ஆர்பிஎம் மோட்டார். இந்த அளவில் வழக்கமாக வரும் 80 ஃபிரேம் மோட்டாரின் ஷாஃப்ட் 19 மி.மீ., கீ (ஷாஃப்ட்டும் புல்லியும் சேர்ந்து சுற்ற நடுவில் போடும் இரும்புக் கட்டை) 6 மி.மீ. பெல்ட் 'ஏ' செக்‌ஷன், அதாவது மேல் அகலம் 13, உயரம் 8 மி.மீ. உள்ள வி பெல்ட். மோட்டார் பக்கப் புல்லி 75 மி.மீ., மெஷின் பக்கப் புல்லி 150 மி.மீ. லேத் 180 மி.மீ. விட்டம் வரை சுற்றும் பெஞ்ச் லேத், அதில் வேலையைப் பிடிக்கும் சக் 100 மி.மீ.

என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். வீட்டு லேத் உண்மையில் சம்பாதித்துக் கொடுப்பது போரில்தான், குரூவில் (பெல்ட் உட்காரும் பள்ளத்தில்) அல்ல. குரூவைக் காசு கொடுத்து வாங்க முடிகிற இடத்தில் வாங்குங்கள், போரை நீங்கள் போடுங்கள். முழுப் புல்லியையும் கடைவதற்குத் தனியாக ஒரு காரணம் வேண்டும். அந்தக் காரணங்கள் எவை என்பதுதான் இந்தக் கட்டுரை.

## எதை வைத்து முடிவு செய்வது

போரும் குரூவும் ஒரே மையத்தில் இருக்கிறதா. இதுதான் முதல் கேள்வி. மற்ற எல்லாம் இதற்குப் பின்னால்தான். குரூவ் பார்க்க எவ்வளவு பளபளப்பாக இருந்தாலும், போருக்கு அது ஆட்டமாக இருந்தால் ஒவ்வொரு சுற்றுக்கும் பெல்ட் ஒருமுறை இறுகி ஒருமுறை தளரும், அந்த அடி நேராக பேரிங்கில் போய் விழும். போரும் குரூவும் சக்கிலிருந்து கழற்றாமல் ஒரே செட்டிங்கில் வந்தால் மையம் தானாகவே சரியாக இருக்கும். கழற்றி மாட்டினால் டயல் (ஆட்டத்தை அளக்கும் கருவி) வைத்துப் பார்த்தே ஆக வேண்டும்.

லேத் தாங்குமா. 180 மி.மீ. என்பது பெட்டுக்கு (லேத்தின் அடித்தண்டவாளத்துக்கு) மேலே உள்ள அளவு. டூலை உள்ளும் வெளியும் நகர்த்தும் கிராஸ் ஸ்லைடுக்கு மேலே அது ஏறக்குறைய 110தான் இருக்கும். 150 மி.மீ. வட்டு பெட்டுக்கு மேலே சுற்றும், ஆனால் கிராஸ் ஸ்லைடு அதற்கு அடியில் போக முடியாது. கேரேஜை (பெட்டின் மேல் நகரும் டூல் வண்டியை) வலது பக்கம் நிறுத்திவிட்டு டூலை இடது பக்கமாக நீட்டி வெட்ட வேண்டும், நீட்டிய டூல் அதிரும். அடுத்தது வேகம்: ஹெச்.எஸ்.எஸ். (ஹை ஸ்பீடு ஸ்டீல்) டூலில் வார்ப்பிரும்பு வெட்ட நிமிடத்துக்கு 20 முதல் 25 மீட்டர் போதும், 150 மி.மீ. விட்டத்தில் அது வெறும் 45, 50 ஆர்பிஎம். சின்ன லேத்தின் குறைந்த வேகம் 100 என்றால் விளிம்பில் 47 மீட்டர் வந்துவிடும், டூல் முனை சீக்கிரம் மழுங்கும். எலக்ட்ரானிக் வேகக் கட்டுப்பாடு உள்ள லேத்தில் அதற்கும் கீழே குறைத்தால் வேகம் கிடைக்கும், இழுவை கிடைக்காது.

எத்தனை குரூவ், படி உண்டா. ஒற்றைக் குரூவ் என்றால் கடையில் கிடைக்கும். நாலு படி ஸ்டெப் புல்லி (வேகம் மாற்ற வெவ்வேறு விட்டக் குரூவ்கள் அடுத்தடுத்து உள்ளது), அதுவும் உங்கள் அளவுக்கு, பெரும்பாலும் கிடைக்காது.

சுமையும் வேகமும். 1440இல் ஓடும் புல்லிக்கும் 2880இல் ஓடும் புல்லிக்கும் பேலன்ஸ் விஷயத்தில் நிறைய வித்தியாசம். தூசியில் ஓடுமா, ஈரத்தில் ஓடுமா என்பதும் சேரும்.

மறைந்திருக்கும் செலவு. கீ வே (கீ உட்காரும் பள்ளம்), இல்லாத டூல், வெட்டி எறியும் உலோகம், லேத்தின் பெட்டுக்கு வரும் தேய்மானம். விலைச்சீட்டில் எழுதாதவை இவை.

அளவு சொல்வதில் ஒரு விஷயம், எந்த வழியில் போனாலும் இது தேவைப்படும். கடையில் 3 இஞ்ச், 6 இஞ்ச் என்று சொல்வது பெரும்பாலும் வெளிவிட்டம். வேகத்தை நிர்ணயிப்பது பிட்ச் விட்டம் (பெல்ட்டின் இழுவைக் கோடு சுற்றும் விட்டம்), ஏ செக்‌ஷனில் அது வெளிவிட்டத்தைவிட 5.5 மி.மீ. குறைவு. ஆகவே 3 இஞ்சும் 6 இஞ்சும் வாங்கினால் பாதி வேகம், 720 ஆர்பிஎம் வரும் என்று நினைப்போம். உண்மையில் 70.7க்கு 146.9, வருவது ஏறக்குறைய 693. அதோடு ஏ பெல்ட்டுக்குப் பரிந்துரைக்கும் குறைந்தபட்ச பிட்ச் விட்டம் 75, அதற்கும் கீழே போய்விட்டோம். பெல்ட் ஒவ்வொரு சுற்றிலும் அளவுக்கு மீறி வளைந்து சூடேறி, நூல் விட்டுப் போகும். 75 பிட்ச் வேண்டுமென்றால் வெளிவிட்டம் 80.5 கடைய வேண்டும்.

## வழி 1: ரெடிமேட் வார்ப்பிரும்புப் புல்லி வாங்கி, போர் மட்டும் நாம் போடுவது

கோயம்புத்தூர் மாதிரி பம்ப்பும் மோட்டாரும் செய்யும் ஊரில் இருப்பவர்களுக்கு இது இன்னும் எளிது, ஆனால் எந்த மாவட்டத் தலைநகரிலும் பெல்ட் கடை ஒன்று இருக்கும், அங்கே ஏ, பி செக்‌ஷன் புல்லிகள் சின்னப் பைலட் போரோடு (தொடக்க ஓட்டையோடு) கிடைக்கும். குரூவ் கோணம், ஆழம் எல்லாம் ஏற்கெனவே வந்துவிட்டது. வார்ப்பிரும்பு பெல்ட்டோடு நன்றாகப் பிடிக்கும், தேய்மானம் குறைவு, அதிர்வை உள்வாங்கும். நமக்கு மிச்சம் 19 மி.மீ. போர் ஒன்றுதான்.

சிக்கல், அந்தப் புல்லியை எதில் பிடிப்பது என்பதில். 150 மி.மீ. ரிம்மை (வெளி வளையத்தை) 100 மி.மீ. சக் பிடிக்காது. ஹப்பை (நடுக் குடத்தை) பிடிக்கலாம் என்றால் அது பெரும்பாலும் கடையாத வார்ப்பு, மேடு பள்ளமாக இருக்கும், த்ரீ ஜா சக்கில் பிடித்தால் புல்லி கோணலாக உட்காரும். தாடை ஒவ்வொன்றும் தனித்தனியாக நகரும் ஃபோர் ஜா சக்கில் ஹப்பைப் பிடித்து டயல் வைத்து நேராக்க வேண்டும், இல்லையென்றால் ஃபேஸ் பிளேட்டில் ரிம்மைக் கிளாம்ப் போட வேண்டும். டயல் முனையை வெளிவிட்டத்தில் வைக்காதீர்கள். அங்கே பெயின்ட் இருக்கும், அதுவும் குரூவும் ஒரே செட்டிங்கில் கடைந்தவை என்று எந்த உறுதியும் இல்லை. குரூவின் சாய்ந்த சுவரில் வையுங்கள், பெல்ட் உட்காரும் இடம் அதுதான். பக்கவாட்டு ஆட்டத்துக்கு ரிம் முகத்தையும் ஒருமுறை பாருங்கள். 0.1 மி.மீ.க்குள் வந்துவிட்டால் இந்த வேலைக்கு ஏராளம்.

பைலட் போர் மையத்தில் இல்லாமல் இருப்பது சாதாரணம். அதனால் டிரில்லை நேராகப் பெரிதாக்கிக்கொண்டே போகக் கூடாது, டிரில் பழைய ஓட்டையைத்தான் பின்பற்றும். போரிங் பாரால் (ஓட்டையை உள்ளே கடையும் டூலால்) மையத்துக்குக் கொண்டு வந்து 18.9 வரை எடுத்துவிட்டு, ரீமர் (ஓட்டையைத் துல்லிய அளவுக்கு முடிக்கும் கருவி) இருந்தால் 19 ரீமர் ஓட்டலாம். மோட்டாரைத் தூக்கிக்கொண்டு வந்து லேத்தில் ஷாஃப்ட்டைச் சொருகிப் பார்க்க முடியாது. அதனால் வேலை தொடங்கும் முன்பே 19.00 மி.மீ. பிளக் கேஜ் ஒன்றை ஏதாவது துண்டுக் கம்பியில் கடைந்து வைத்துக்கொள்ளுங்கள். அது கையால் தள்ளி, கொஞ்சம் இழுப்போடு போனால் போர் சரி.

மறைந்த செலவுகள்: கீ வே போட வெளியே போக வேண்டியிருக்கலாம். ஃபோர் ஜா சக் இல்லாதவர்களுக்கு அதன் விலை இதில் சேரும். குறைந்த விலை வார்ப்பில் போரைத் திறக்கும்போது உள்ளே புளோ ஹோல் (காற்றுக் குழி) தென்படலாம், அதுவரை போட்ட உழைப்பு போனதுதான். வாங்கும்போதே கம்பியில் தொங்கவிட்டுத் தட்டிப் பாருங்கள், மணி மாதிரி ஒலிக்க வேண்டும். மந்தமாக ஒலித்தால் விரிசல் இருக்கலாம், வேறு எடுங்கள்.

இது பொருந்தும் இடம்: ஒற்றை அல்லது இரட்டைக் குரூவ், 100 மி.மீ.க்கு மேற்பட்ட புல்லி. நம் கணக்கில் மெஷின் பக்க 150க்கு நான் வேறு எதையும் யோசிக்கவே மாட்டேன்.

## வழி 2: அலுமினிய உருளையிலிருந்து முழுதாகக் கடைவது

சின்ன லேத்துக்கு மிகவும் இசைந்த வேலை இது. அலுமினியத்தை நிமிடத்துக்கு 100 மீட்டர் வேகத்தில் ஹெச்.எஸ்.எஸ். டூலே வெட்டும், 80 மி.மீ. விட்டத்துக்கு 400 ஆர்பிஎம், அந்த வேகத்தில் சின்ன மோட்டாரும் திணறாது. மண்ணெண்ணெய் தொட்டுக்கொண்டே வெட்டினால் டூல் முனையில் உலோகம் ஒட்டாது, சுவர் கண்ணாடி மாதிரி வரும்.

ஆனால் எந்த அலுமினியம் என்பது முக்கியம். கடையில் ஹெச்.ஈ. 30 என்று கேட்டால் வருவது 6082, இல்லையென்றால் 6061 கேளுங்கள். இரண்டும் சுருள் உடைந்து சுத்தமாக வெட்டும். கிரேடு தெரியாத மென்மையான அலுமினியம் சவ்வு மாதிரி இழுபடும். பழைய பாத்திரத்தையும் பிஸ்டனையும் உருக்கி வார்த்த உருளை விலை குறைவுதான், உள்ளே குமிழும் கசடும் இருக்கும், குரூவ் சுவரில் ஒரு குழி வந்தால் அது பெல்ட்டை அரம் போல அரிக்கும்.

எடையைக் கணக்குப் போடுங்கள், விற்பது கிலோவில். மோட்டார் பக்கப் புல்லிக்கு 90 மி.மீ. விட்டம், 35 நீளம் என்றால் ஏறக்குறைய 600 கிராம். மெஷின் பக்கத்துக்கு 160 விட்டம், 30 நீளம் என்றால் 1.6 கிலோ, அதில் கணிசமான பங்கு சுருளாகக் கீழே கொட்டும். விட்டம் இரட்டித்தால் எடை நாலு மடங்கு ஆகும். அதனால்தான் சின்னப் புல்லிக்கு இந்த வழி மலிவாகவும் பெரியதற்கு வீணாகவும் போகிறது.

வேலை வரிசை: உருளையை வெட்டித் தரச் சொல்லும்போதே பிடிப்பதற்கு 15 மி.மீ. கூடுதலாகக் கேளுங்கள். அந்தப் பகுதியைச் சக்கில் பிடித்து பேசிங் (முகத்தைச் சமன் செய்தல்), டிரில், போர், வெளிவிட்டம், குரூவ் எல்லாம் ஒரே செட்டிங்கில். முடிந்ததும் பிடித்த பகுதியைப் பார்ட்டிங் டூலால் வெட்ட முயலாதீர்கள், அந்த விட்டத்தில் சின்ன லேத் அதைத் தாங்காது. ரம்பத்தால் அறுத்துவிட்டு, சக்கிலேயே 19 மி.மீ. மேண்ட்ரல் (புல்லியைச் சொருகும் தண்டு) ஒன்றைக் கடைந்து, அதைக் கழற்றாமல் அதன் மேல் புல்லியை நட்டும் வாஷரும் போட்டு இறுக்கி, பின்முகத்தைக் கடைந்துவிடலாம்.

மறைந்த செலவு ஹப்பில் இருக்கிறது. அலுமினியம் மென்மையானது, ஒரு கிரப் ஸ்க்ரூவை (தலையில்லாத திருகை) மட்டும் நம்பி ஒரு ஹெச்.பி. மோட்டாரில் மாட்டினால் சில மாதங்களில் திரெட் உருவிக்கொள்ளும், போரும் ஷாஃப்ட்டின் மேல் தேய்ந்து தளரும். ஹப்பை ஷாஃப்ட் விட்டத்தைப்போல் இரண்டு மடங்கு விட்டம், ஒன்றரை மடங்கு நீளம் என்று தாராளமாக விடுங்கள், கீ கட்டாயம். கல் அறுக்கும் மெஷின், மாவு மில் போன்ற தூசி பறக்கும் இடத்தில் குரூவ் சுவரும் சீக்கிரம் தேயும், அங்கே வார்ப்பிரும்பே மேல்.

இது பொருந்தும் இடம்: 100 மி.மீ.க்கு உட்பட்ட மோட்டார் புல்லி, 2880 ஆர்பிஎம் வேகம் (எல்லாப் பக்கமும் கடைந்ததால் பேலன்ஸ் தானாகவே கிடைக்கும்), கடையில் கிடைக்காத அளவு, சின்ன ஸ்டெப் புல்லி.

## வழி 3: வார்ப்பு எடுத்துக் கடைவது

மரத்தில் பேட்டர்ன் (வார்ப்புக்கான மாதிரி வடிவம்) செய்து ஃபவுண்டரியில் கொடுத்து வார்த்து வாங்குவது. ஒரே ஒரு புல்லிக்கு இது கட்டாது, சொல்லிவிடுகிறேன். ஒன்றிரண்டுக்காக மணல் அச்சுப் பெட்டி கட்ட எந்த ஃபவுண்டரியும் விரும்பாது, அவர்கள் எப்போது உலோகம் ஊற்றுகிறார்களோ அதுவரை நாம் காத்திருக்க வேண்டும், பேட்டர்னுக்குச் சுருக்கத்துக்கான கூடுதலும் பக்கங்களுக்குச் சாய்வும் கொடுக்கத் தெரிந்திருக்க வேண்டும்.

அப்புறம் அதைக் கடையும் பாடு. வார்ப்பின் தோல் கெட்டியானது, மணல் ஒட்டியிருக்கும், ஓரங்களில் சீக்கிரம் குளிர்ந்து வெள்ளை இரும்பாக மாறிய இடங்கள் இருக்கலாம். முதல் வெட்டே தோலுக்கு அடியில் போக வேண்டும், அதாவது ஒன்றரை, இரண்டு மி.மீ. ஆழம், அதுவும் கார்பைடு டிப்பில். இதைச் சின்ன லேத் 150 மி.மீ. விட்டத்தில் செய்யுமா என்றால், அதிர்ந்துகொண்டே செய்யும். ஆழம் குறைத்தால் டூல் தோலில் உரசியே மழுங்கும்.

வார்ப்பிரும்புத் தூளைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் இதுதான் யாரும் கணக்கில் எடுக்காத செலவு. அது சுருளாக வராது, கறுப்புத் தூளாகக் கொட்டும். பெட்டில் உள்ள எண்ணெயோடு கலந்தால் தேய்க்கும் பசையாகிவிடும், கேரேஜ் ஒவ்வொரு முறை நகரும்போதும் பெட்டை அரைக்கும். வெட்டும் முன் பெட்டை எண்ணெய் இல்லாமல் துடைத்து, மேலே காகிதம் விரித்து, வேலை முடிந்ததும் வாக்குவம் வைத்து உறிஞ்சிவிட்டுப் பிறகுதான் எண்ணெய் விட வேண்டும். காற்றால் ஊதாதீர்கள், எல்லாம் ஸ்லைடுக்குள் போகும். முகக்கவசம் அவசியம். வழி 1இலும் இந்தத் தூள் உண்டு, ஆனால் ஒரு போரிலிருந்து வருவது ஒரு கைப்பிடிதான், முழு வார்ப்பைக் கடைந்தால் வாளிக் கணக்கு.

தொடர் வார்ப்பு முறையில் வரும் வார்ப்பிரும்பு உருளை கிடைத்தால் நிலைமை வேறு. மணல் இல்லை, புளோ ஹோல் அநேகமாக இல்லை, உள்ளே ஒரே சீரான உலோகம். 100 மி.மீ. வரைக்கும் அதைக் கடைவது சுகமான வேலை.

இது பொருந்தும் இடம்: ஒரே மாதிரி பத்து, இருபது புல்லி தேவைப்படுபவர், அல்லது பழைய மெஷினின் உடைந்த ஸ்டெப் புல்லியை அதே வடிவத்தில் திரும்பச் செய்ய வேண்டியவர். உடைந்ததை ஒட்ட வைத்து அதையே பேட்டர்னாகக் கொடுத்தால், சுருக்கம் நூற்றுக்கு ஒன்று வரும் என்பதை மனதில் வையுங்கள், கடைய வேண்டிய முகங்களில் புட்டி பூசி மூன்று மி.மீ. ஏற்றிக் கொடுக்க வேண்டும்.

## வழி 4: மரமும் நைலானும்

இதைக் கேவலமாகப் பார்க்க வேண்டியதில்லை. மெதுவாகச் சுற்றும் பெரிய புல்லி வேண்டும், 250 மி.மீ. வேண்டும், லேத்தில் ஏறாது என்றால் மரைன் பிளைவுட் வட்டுகளை ஒட்டி, நடுவில் இரும்பு ஃபிளாஞ்ச் ஹப் போல்ட் போட்டு, அந்த மெஷினின் சொந்த ஷாஃப்ட்டிலேயே மாட்டிச் சுற்றவிட்டு, எதிரே உறுதியான டூல் ரெஸ்ட் வைத்துக் குரூவைக் கடையலாம். ஓடப்போகும் இடத்திலேயே கடைந்ததால் அதன் மையம் கடைப் புல்லியைவிடச் சரியாக இருக்கும். மரத்தூள் பலகை வேண்டாம், ஈரம் பட்டால் உப்பும், குரூவ் சுவர் உதிரும். மழைக்காலத்தில் பிளைவுட்டும் கொஞ்சம் அசையும், வார்னிஷ் ஊறவிட்டு அடிக்க வேண்டும். வேகமாகச் சுற்றும் மோட்டார் பக்கத்துக்கு மரம் கூடவே கூடாது, பெல்ட் வழுக்கினால் சூட்டில் கருகும்.

நைலான் கடைவதற்கு அருமை, பயன்படுத்துவதற்கு அவ்வளவு இல்லை. ஈரத்தை உறிஞ்சி வீங்கும், சூட்டில் இரும்பைவிடப் பல மடங்கு விரியும்: 40 டிகிரி சூடேறினால் 19 மி.மீ. போர் ஏறக்குறைய 0.05 மி.மீ. தளரும். சூட்டைக் கடத்தாததால் பெல்ட்டின் சூடும் வெளியே போகாது. தையல் மெஷின் அளவு சுமைக்குச் சரி. ஒரு ஹெச்.பி.க்கு வேண்டாம்.

## வழி 5: பெல்ட்டையே மாற்றுவது

இதைப் பலர் யோசிப்பதில்லை, யோசிக்க வேண்டும். பாலி வி பெல்ட், 'பிஜே' வகை. ஃப்ரண்ட் லோடு வாஷிங் மெஷினில் இருக்கும் வரிவரியான மெல்லிய பெல்ட் பெரும்பாலும் இதுதான், ஸ்பேர் கடையில் கிடைக்கும். வரிக்கு வரி 2.34 மி.மீ., கோணம் 40 டிகிரி. ஏ பெல்ட்டுக்கு 11 மி.மீ.க்கு மேல் ஆழம் வெட்ட வேண்டிய இடத்தில் இதற்கு இரண்டு மி.மீ. சொச்சம் போதும். கூர்முனை டூல் ஒன்று, லேசான வெட்டு, சின்ன லேத் மூச்சு வாங்காமல் செய்யும். 20 மி.மீ. விட்டப் புல்லியிலும் வளையும், அதனால் மோட்டார் பக்கத்தைச் சிறிதாக்கலாம், அதோடு பெரியதும் சிறிதாகும். வேக விகிதம் அதிகமான டிரைவில் பெரிய புல்லியில் குரூவே இல்லாமல் வழவழப்பாக விட்டாலும் ஓடும், துணி உலர்த்தும் மெஷின்களின் டிரம்மில் பெல்ட் அப்படித்தான் ஓடுகிறது.

கவனிக்க வேண்டியது இடைவெளிப் பிழை சேர்வது. ஒவ்வொரு குரூவுக்கும் 0.05 தவறினால் ஆறாவது குரூவில் கால் மி.மீ. தள்ளிப் போயிருக்கும். ஒவ்வொன்றையும் முந்தையதிலிருந்து அளக்காமல், முதல் குரூவிலிருந்தே 2.34, 4.68, 7.02 என்று டயலில் எண்ணிப் போங்கள், ஒரே திசையில் மட்டும் திருப்புங்கள். இன்னொன்று, இந்த பெல்ட் புல்லிகள் நேர்க்கோட்டில் இல்லாததைக் கொஞ்சமும் பொறுக்காது, வி பெல்ட் அளவுக்கு மன்னிக்கும் குணம் இதற்கு இல்லை.

| | ரெடிமேட் + போர் | அலுமினிய உருளை | வார்ப்பு எடுத்தல் | பிளைவுட் | பாலி வி |
|---|---|---|---|---|---|
| மையம் சரியாக வர | டயல் வைத்துத் தேட வேண்டும் | ஒரே செட்டிங்கில் வரும் | இரண்டு செட்டிங் | ஓடும் ஷாஃப்ட்டிலேயே கடைந்தால் மிகச் சரி | ஒரே செட்டிங்கில் வரும் |
| சின்ன லேத்துக்குச் சிரமம் | பிடிப்பதில் | அதிகமில்லை | மிக அதிகம் | லேத்தே தேவையில்லை | மிகக் குறைவு |
| கைக்காசு | குறைவு | விட்டத்தோடு வேகமாக ஏறும் | ஒன்றுக்கு அதிகம், பத்துக்குக் குறைவு | மிகக் குறைவு | குறைவு, பெல்ட் தேட வேண்டும் |
| மறைந்த செலவு | ஃபோர் ஜா சக், கீ வே | கீ வே, பெரிய ஹப் | பேட்டர்ன், கார்பைடு, தூள் | இரும்பு ஹப், மழைக்காலம் | நேர்க்கோடு பிடிக்கும் நேரம் |
| சரியான இடம் | 100க்கு மேல், ஒற்றைக் குரூவ் | 100க்குள், 2880 வேகம், சின்ன ஸ்டெப் | பல எண்ணிக்கை, பழைய மெஷின் | மெதுவான பெரிய புல்லி | புதிதாக டிரைவ் அமைக்கும்போது |

## குரூவை நாமே வெட்டுவதென்றால், எந்த முறை

முதலில் கோணம். பெல்ட் 40 டிகிரி என்பதால் குரூவையும் 40 வெட்டுபவர்கள் இருக்கிறார்கள், அது தவறு. பெல்ட் வளையும்போது அதன் உள்பக்கம் நசுங்கிப் பிதுங்குகிறது, வெளிப்பக்கம் இழுபட்டு ஒடுங்குகிறது, அதனால் அதன் கோணம் குறைகிறது. புல்லி சிறியதாக ஆக இது அதிகம். ஏ செக்‌ஷனுக்கு 118 மி.மீ. பிட்ச் விட்டம் வரை 34 டிகிரி, அதற்கு மேல் 38. 75 மி.மீ. புல்லிக்கு 34 என்றால் வெளிவிட்டத்தில் குரூவ் அகலம் 12.7, ஆழம் 11.5க்குக் குறையாமல், அடி அகலம் 5.7 சொச்சம். பெல்ட் அடியைத் தொடவே கூடாது. தொட்டால் ஆப்பு மாதிரி சுவர்களுக்கு நடுவே இறுகுவது போய், வழுக்கத் தொடங்கும்.

ஃபார்ம் டூல்: 34 டிகிரிக்குத் தீட்டிய ஒரே டூலை நேராக உள்ளே தள்ளுவது. பெரிய லேத்தில் நிமிட வேலை. சின்ன லேத்தில் இரண்டு சுவரும் அடியும் ஒரே நேரத்தில் வெட்டும்போது டூல் கத்தும், சுவரில் அலை அலையாகத் தடம் விழும். 'ஏ' அளவுக்கு இதைப் பரிந்துரைக்க மாட்டேன். பாலி விக்கு மட்டும் இது சரி.

காம்பவுண்ட் ஸ்லைடு (கோணத்துக்குச் சாய்க்கக்கூடிய மேல் ஸ்லைடு): முதலில் 3 மி.மீ. பார்ட்டிங் டூலால் நடுவில் 5 மி.மீ. அகலத்துக்கு முழு ஆழப் பள்ளம், பிறகு காம்பவுண்டைச் சாய்த்து ஒவ்வொரு சுவராக. மெதுவான முறை, ஆனால் ஒரு நேரத்தில் ஒரு சிறு முனைதான் வெட்டுகிறது, லேத் சிரமப்படாது. என் தேர்வு இதுதான். சாய்வு 17 டிகிரி, அது கிராஸ் ஸ்லைடு திசையிலிருந்து. பல சின்ன லேத்களின் காம்பவுண்ட் அளவுகோலில் பூஜ்யம் இருப்பது பெட்டுக்கு இணையான நிலையில், அப்படியென்றால் 73இல் வைக்க வேண்டும், கோடுகளோ 45லோ 60லோ முடிந்துவிடும். அப்போது கோணமானியைக் கிராஸ் ஸ்லைடு விளிம்பில் வைத்துத்தான் நிறுத்த வேண்டும். இன்னொரு பக்கச் சுவருக்கு மறுபடி எதிர்ப்பக்கம் சாய்க்க வேண்டும்.

படிப்படியாக வெட்டி முடிப்பது: ஸ்டெப் புல்லிக்கு இது நேரம் மிச்சப்படுத்தும். பார்ட்டிங் டூலாலேயே இரண்டு பக்கமும் மாடிப்படி மாதிரி ஆழம் குறைத்துக்கொண்டே உலோகத்தை எடுத்துவிட்டு, எல்லாக் குரூவுக்கும் ஒரு பக்கச் சுவரை ஒரே காம்பவுண்ட் அமைப்பில் முடித்து, பிறகு மறுபக்கம். நாலு படிக்கும் காம்பவுண்டை இரண்டே முறை திருப்பினால் போதும்.

ஸ்டெப் புல்லி ஜோடியில் பெல்ட் எந்தப் படியிலும் ஒரே இறுக்கத்தில் இருக்க எதிரெதிர்ப் படிகளின் பிட்ச் விட்டங்களைக் கூட்டினால் ஒரே எண் வர வேண்டும்: 80க்கு 140, 95க்கு 125, 110க்கு 110. இரண்டு ஷாஃப்ட்டும் நெருக்கமாக இருந்தால் சிறு வித்தியாசம் வரும், மோட்டாரை நகர்த்தும் இடம் இருந்தால் அது பிரச்சினையில்லை.

## கீ வே: எந்த வழியிலும் தப்பாது

19 மி.மீ. போருக்கு 6 மி.மீ. அகலம், ஹப்பில் ஆழம் 2.8. ஸ்லாட்டிங் மெஷின் உள்ள பட்டறையில் கொடுத்தால் சில நிமிட வேலை, பக்கத்திலேயே இருந்தால் அதையே செய்யுங்கள். கொடுக்கும்போது கீயையும் கையோடு எடுத்துப் போங்கள், அளவை வாயால் சொல்லாமல் கீ உட்காருகிறதா என்று அங்கேயே பார்த்துவிடலாம்.

லேத்திலேயே செய்வதென்றால் ஸ்பிண்டிலைப் பூட்டி, போரிங் பாரில் 6 மி.மீ. டூலைப் பக்கவாட்டில் வைத்து, மோட்டார் ஓடாமல் கேரேஜைக் கையால் தள்ளித் தள்ளிச் சீவ வேண்டும். ஒரு தள்ளுக்கு 0.05 எடுத்தால் ஐம்பத்தாறு தள்ளு. அலுமினியத்தில் அரை மணிக்கும் குறைவு. வார்ப்பிரும்பில் கேரேஜின் ரேக்கும் பினியனும் படும் பாடு அதிகம், மெல்லிய பல் உள்ள சின்ன லேத்தில் அதை ஒருமுறைக்கு மேல் செய்ய எனக்கு மனம் வராது.

ஷாஃப்ட்டும் ஹப்பும் சேரும் கோட்டில் ஓட்டை போட்டு, பாதி இதில் பாதி அதில் என்று உருளை முளையை அடிக்கும் குறுக்கு வழி ஒன்று உண்டு. ஷாஃப்ட்டும் ஹப்பும் ஒரே கடினத்தில் இருந்தால் அது வேலை செய்யும். அலுமினியப் புல்லியில் இரும்பு ஷாஃப்ட் என்றால் டிரில் மென்மையான பக்கமாகவே ஒதுங்கி ஓடிவிடும், ஓட்டை முழுக்கப் புல்லியில் விழும். மோட்டார் ஷாஃப்ட்டில் கீ வே ஏற்கெனவே இருக்கும்போது இதற்குப் போகவே வேண்டாம். கீயைப் போட்டு, அதன் தலைக்கு மேல் ஒரு கிரப் ஸ்க்ரூ, அதிலிருந்து 90 டிகிரி தள்ளி இன்னொன்று. முதலாவது கீயை அழுத்திப் பிடிக்கும், இரண்டாவது புல்லி ஷாஃப்ட்டில் நீளவாக்கில் நகராமல் பார்த்துக்கொள்ளும். ஓட்டத் தொடங்கி ஒரு மணி நேரம் கழித்து இரண்டையும் மறுபடி ஒருமுறை இறுக்குங்கள்.